முகம் தெரியாதவர் உங்களிடம் தேன் வாங்க வேண்டுமா? குமரி மாவட்டத்துப் புது விற்பனையாளருக்கு ஒரு வழிகாட்டி

மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துப் பக்கம் தேன் வாங்குகிறவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு சொட்டு நாக்கில் வைப்பார். "எந்தப் பக்கத்துத் தேன்?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் முகத்தையும் பார்ப்பார். நாளைக்கு ஏதாவது குறை என்றால் கடை அங்கேயேதான் இருக்கும், போய்க் கேட்கலாம். உங்கள் இணையதளத்துக்கு வருகிற கோயம்புத்தூர்க்காரருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. போதாக்குறைக்கு, 2020 டிசம்பரில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைத் தேன்களைச் சோதித்து, 22 மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாச் சோதனையிலும் தேறியதாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள்தான் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள்.

அருமனை, குலசேகரம், கருங்கல் பக்கம் சொந்தமாகத் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள், அல்லது சொந்தக்காரர்களின் தேனை வாங்கி விற்க நினைக்கும் பிள்ளைகள், முதல்முறையாக ஓர் இணையதளம் போடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கிராம்பு, கருப்பட்டி, நேந்திரங்காய் வற்றல் விற்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: வாங்குகிறவர் பின்னால் தானாகக் கண்டுபிடிக்கப்போகிற எதையும் நீங்களே முன்னால் சொல்லிவிடுங்கள். அதனால் சில விற்பனை போகும். போகட்டும்.

1. முதலில் ஆளைக் காட்டுங்கள்

பெயர், ஊர், அஞ்சல் முகவரி, பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண். இவை நான்கும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடியில் தெரிய வேண்டும். 'தொடர்புக்கு' என்று ஒரு படிவத்தை மட்டும் வைத்துவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். இணையம் வழியாகத் தொழிலாக விற்பவர்கள் தங்கள் பெயர், முகவரி, தொடர்பு விவரம், புகார் கேட்பவர் யார் என்பதையெல்லாம் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே சொல்கின்றன. வீட்டு முகவரியைப் போடத் தயக்கமாக இருந்தால் பெட்டி வைத்திருக்கும் இடத்தையோ, தேன் அடைக்கிற இடத்தையோ போடுங்கள். பெண்கள் தனியாக நடத்தும் தொழிலில் இந்தத் தயக்கம் நியாயமானது.

'எங்களைப் பற்றி' பக்கத்தில் பெரும்பாலோர் ஒரே கதையை எழுதுகிறார்கள். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப்புனரமைப்பு மையம் மார்த்தாண்டத்தில் வந்தது, அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பினார், அதிலிருந்து இந்த ஊர் தேனுக்குப் பேர்போனது என்று. உண்மைதான், ஆனால் அது ஊரின் கதை. வாங்குகிறவருக்கு வேண்டியது உங்கள் கதை: பெட்டிகள் யாருடையவை, எந்தத் தோட்டத்தில் இருக்கின்றன, தேன் எடுப்பது யார், பிறரிடம் வாங்கி விற்கிறீர்கள் என்றால் யாரிடம். "குலசேகரம் பக்கம் மாமாவின் பெட்டிகளிலிருந்து எடுக்கிறோம். சீசன் நன்றாக இருந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடமும் வாங்குவோம்." இப்படி இரண்டு வரி போதும். எல்லாம் சொந்தப் பெட்டி என்று பெருமைக்கு எழுதிவிட்டு, ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான கிலோ விற்றால் கணக்குத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

2. தேனைப் பற்றிய முழு உண்மை

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

நம் மாவட்டத்தில் பெட்டித்தேனின் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறது. ரப்பர் இலை உதிர்த்துப் புதிதாகத் தளிர்க்கும்போது, மூன்று இலைகளும் சேரும் காம்பு நுனியில் இனிப்புநீர் சுரக்கும். ஈக்கள் அதைத்தான் சேகரிக்கின்றன, பூவைத் தேடி அலைவதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேன் பாய்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் கடை லேபிள்களைப் பாருங்கள்: சூரியகாந்தி, தாமரை, மலையருவி! உங்கள் பக்கத்தில் 'ரப்பர் தோட்டத்துத் தேன், தளிர்க் காலத்தில் எடுத்தது' என்று எழுதிப் பாருங்கள். முதலில் புருவம் உயரும். அதோடு காரணத்தையும் இரண்டு வரியில் விளக்கினால், இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்லமாட்டார் என்ற எண்ணம் வரும்.

அதேபோலப் பெட்டித்தேனை 'மலைத்தேன்' என்று விற்காதீர்கள். மலைத்தேனீ வேறு இனம். பெட்டிக்குள் அடங்காது, பாறையிலும் உயர்ந்த மரத்திலும் திறந்தவெளியில் பெரிய அடை கட்டும். நாம் பெட்டியில் வளர்ப்பது இந்தியத் தேனீ என்கிற அடுக்குத் தேனீ. சிறுதேன் என்று சொல்கிற கொசுத்தேன் வேறொன்று. அது மிகக் கொஞ்சமாகக் கிடைக்கும், விலையும் பல மடங்கு. மூன்றையும் விற்பதாக இருந்தால் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனி விலை, எது எங்கிருந்து என்ற விவரம் வேண்டும்.

அடுத்து, யாரும் சொல்லத் துணியாத ஒன்று. மழைக்காலத்தில் ஈக்களுக்கு வெளியே ஒன்றும் கிடைக்காது. அப்போது கூட்டம் சாகாமலிருக்கச் சீனிப்பாகு வைக்க வேண்டும். தேனீ வளர்க்கும் எல்லோருக்கும் இது தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒரு நாள் யாராவது ஒரு காணொளியில் பெட்டிக்குள் சீனிப்பாகு கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ எல்லாமே சீனிதானா?" என்று கேட்பார். அவர் கேட்கும்முன் நீங்கள் எழுதிவிடுங்கள்: பஞ்ச காலத்தில் ஈக்கள் பிழைக்கப் பாகு கொடுக்கிறோம், தளிர்க் காலம் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுவோம், பாகு கொடுக்கும் மாதங்களில் தேன் எடுப்பதில்லை. அதை அப்படியே கடைப்பிடிக்கவும் வேண்டும், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி உறைதல். ரப்பர் தேன் மற்றத் தேன்களைவிடச் சீக்கிரம் உறையும், அதில் குளுக்கோஸ் கூடுதல். மார்கழிக் குளிரில் பெங்களூரிலிருந்து அழைப்பு வரும்: "தம்பி, அடியில சீனி படிஞ்சிருக்கே, கலப்படமா?" அப்போது விளக்கினால் சாக்கு மாதிரிக் கேட்கும். வாங்கும் பொத்தானுக்கு மேலேயே உறைந்த பாட்டிலின் படத்தைப் போட்டு, "இந்தத் தேன் குளிரில் இப்படி உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகும். அடுப்பில் வைக்காதீர்கள்" என்று எழுதிவிட்டால், அதே பெங்களூர்க்காரர் உறைந்த பாட்டிலைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்.

சூடு காட்டியதா, இல்லையா என்பதிலும் குழப்பம் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) அளவுப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் தேன் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பலசமயம் நீர்த்துத்தான் இருக்கும். புளிக்காமலிருக்கச் சூடு காட்டிப் பதப்படுத்துகிறார்கள். நீங்கள் பதப்படுத்தினால் 'பதப்படுத்தியது' என்றே எழுதுங்கள். சூடு காட்டாத 'பச்சைத் தேன்' என்ற சொல்லுக்கு இப்போது நகரத்தில் மவுசு இருப்பது தெரியும். அந்த மவுசுக்காகப் பொய் சொன்னால், பாட்டிலில் நுரை கட்டும்போதோ ஆய்வக அறிக்கை கேட்கும்போதோ மாட்டிக்கொள்வீர்கள்.

நோய் பற்றி வாயே திறக்காதீர்கள். நீரிழிவைக் குணப்படுத்தும், உடம்பைக் குறைக்கும் என்றெல்லாம் எழுதுவது நம்பிக்கையைக் கெடுப்பதோடு சட்டப்படியும் ஆபத்து. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயச் சிகிச்சை விளம்பரச் சட்டத்தில் தடுக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் நீரிழிவும் உண்டு. மாறாக, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரிய வித்து கைக்குழந்தையின் குடலில் நஞ்சு உண்டாக்கிவிடும். பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைப்பது நம் பக்கத்துப் பழக்கம் என்பதால் பாட்டிமார் கோபப்படுவார்கள். பரவாயில்லை. தன் சரக்கை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்கிற வியாபாரியை மக்கள் மறக்கமாட்டார்கள்.

3. படங்கள் உங்களுடையதாக இருக்கட்டும்

இணையத்திலிருந்து எடுத்த படங்கள் எளிதில் அம்பலமாகும். வெள்ளை வர்ணம் பூசி மாடிமாடியாக அடுக்கிய பெரிய பெட்டிகள் வெளிநாட்டுத் தேனீக்களுக்கானவை. நம் ரப்பர் மரத்தடியில் ஒற்றைக்காலில் நிற்கும் சின்னப் பெட்டியைப் பார்த்தவர் எவரும் அந்தப் படத்தை நம்பமாட்டார். கைப்பேசியில் எடுத்த, கொஞ்சம் கோணலான உங்கள் படமே போதும். அடை, தேன் எடுக்கும் இயந்திரம், வடிகட்டும் துணி, பாட்டில் அடைக்கும் மேசை. அதில் ஒரு கை தெரிந்தால் இன்னும் நல்லது.

தண்ணீரில் விட்டுக் காட்டுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற 'சுத்தச் சோதனை'க் காணொளிகள் போடாதீர்கள். கெட்டியாகக் காய்ச்சிய பாகும் தண்ணீரில் அடியில் போய்த்தான் நிற்கும். விஷயம் தெரிந்தவர்கள் அந்தக் காணொளியைப் பார்த்த உடனே போய்விடுவார்கள். ஒரு பருவத்துத் தேனை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, அறிக்கையை முழுதாக, தேதியோடும் தொகுதி எண்ணோடும் (பேட்ச் நம்பர்) போடுங்கள். அதே தொகுதி எண் பாட்டிலிலும் இருக்க வேண்டும். மூன்று வருடப் பழைய அறிக்கையை வைத்து இந்த வருடத் தேனை விற்பது சரியில்லை.

4. எண்களும் முத்திரைகளும்

உணவுப் பாதுகாப்பு ஆணையப் பதிவு எண் 14 இலக்கம். பாட்டிலிலும் இணையதளத்திலும் அதே எண் தெளிவாகத் தெரியட்டும். ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் தட்டிப் பார்க்கலாம். எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, அடைத்த மாதமும் ஆண்டும், புகாருக்கான எண் ஆகியவை லேபிளில் வேண்டும். அந்த லேபிளை நெருக்கமாகப் படமெடுத்துத் தளத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

புவிசார் குறியீட்டில், அதாவது ஒரு பொருள் இந்த ஊருக்கே உரியது என்று பதிவு செய்து தரும் முத்திரையில், மட்டும் ஜாக்கிரதை. மார்த்தாண்டம் தேனுக்கும் கன்னியாகுமரி மட்டி வாழைக்கும் 2023இல் கிடைத்தது, கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல். அதனால் இந்த மாவட்டத்தில் பிறந்த எல்லோரும் அந்த முத்திரையை ஒட்டிக்கொள்ளலாம் என்றில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டவர்தான் பயன்படுத்தலாம். பதிவு இல்லையென்றால் முத்திரை வேண்டாம்.

5. பணம் வாங்கும் இடம்

பத்துப் பேரில் பலர் இங்கேதான் திரும்பிப் போவார்கள். மூன்று காரியம் பாருங்கள்.

தளத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டும். அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு சொடுக்கில் போட்டுத் தரும். ஆனால் '100 சதவீதம் பாதுகாப்பான தளம்' என்று பூட்டுப் படம் வரைந்து வைக்காதீர்கள். அந்தச் சான்றிதழ் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் சொல்கிறது, கடைக்காரர் யோக்கியர் என்று சொல்லவில்லை. ஏமாற்றுத் தளங்களும் அதே சான்றிதழை வாங்கி வைத்திருக்கின்றன.

யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கின் பெயர் திரையில் வரும். தளத்தில் ஒரு பெயர், பணம் போகும்போது அண்ணன் பெயரோ மச்சினன் பெயரோ வந்தால், விரல் அங்கேயே நின்றுவிடும். கணக்குப் பெயரை மாற்ற முடியாவிட்டால், "பணம் அனுப்பும்போது இந்தப் பெயர் வரும்" என்று கியூ.ஆர். குறியீட்டுக்கு மேலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரியைப் போடாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.

கூரியர் செலவை முதலிலேயே காட்டுங்கள். தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, கேரளாவுக்கு இவ்வளவு, வடக்கே இவ்வளவு. 400 ரூபாய் என்று காட்டிவிட்டுக் கடைசித் திரையில் 530 என்று ஆக்குவது, கேட்காமலே இன்னொரு பொருளைக் கூடையில் போடுவது, 'இன்னும் 2 பாட்டில்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகிய மூன்றையும் 2023 நவம்பரில் வந்த இருண்ட உத்திகள் தடுப்பு வழிகாட்டுதல் பெயர் சொல்லித் தடுக்கிறது. வடசேரிச் சந்தையில் இப்படிச் செய்தால் அங்கேயே கேட்டுவிடுவார்கள். இணையத்தில் கேட்கமாட்டார்கள், பேசாமல் போய்விடுவார்கள்.

6. வாங்கியவர்கள் சொன்னது

சித்தப்பா, சித்தி, கூடப் படித்த நண்பன் ஆகியோர் எழுதிய ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் வேண்டாம். ஒரே நாளில் ஒரே நடையில் பத்துப் பாராட்டு வந்தால் கதை புரிந்துவிடும். இணையக் கருத்துகளை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனமே 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலை வெளியிட்டிருக்கிறது. நான்கு உண்மையான கருத்து இருந்தால் நான்கையே போடுங்கள். "மூடி சரியில்லை, பெட்டியெல்லாம் ஒழுகிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அதையும் வையுங்கள், கீழே உங்கள் பதிலோடு: மூடி மாற்றினோம், வேறு பாட்டில் அனுப்பினோம் என்று. பல பேர் முதலில் தேடிப் படிப்பது அந்தக் குறைக் கருத்தைத்தான்.

7. அவர்களுடைய விவரம் உங்கள் கையில்

நம் பக்கத்து விற்பனையாளர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது. இன்று எத்தனை பார்சல் போகிறது என்று காட்ட, பெட்டிகளை அடுக்கிப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். பெரிதாக்கினால் வாங்கியவரின் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் எல்லாம் படிக்கலாம். தன் முகவரி இப்படி ஊர் சுற்றுவதைப் பார்க்கிற ஒரு பெண் வாடிக்கையாளர் உங்களிடம் மறுபடி எதையும் வாங்கமாட்டார். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் முகவரிப் பக்கத்தைத் திருப்பி வையுங்கள்.

வாங்கியவரைக் கேட்காமல் குழுவில் சேர்ப்பதும் அப்படித்தான். பெயர், முகவரி, எண் தவிர வேறெதுவும் கேட்காதீர்கள். பிறந்த தேதி எதற்கு? அனுப்பி முடித்தபின் அந்த விவரத்தை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள் என்பதைச் சாதாரணத் தமிழில் நாலு வரி எழுதிவிடுங்கள். வேறு தளத்திலிருந்து பத்துப் பக்கம் ஆங்கிலத்தை வெட்டி ஒட்டுவதும், அதில் அந்தக் கம்பெனியின் பெயர் இன்னும் மாறாமல் கிடப்பதும் நான் அடிக்கடி பார்க்கிற கூத்து.

8. குறை வந்தால்

கண்ணாடிப் பாட்டில் கூரியரில் உடையும். இது நடக்குமா என்று யோசிக்காதீர்கள், நடக்கும்போது என்ன செய்வது என்று இன்றே முடிவு செய்யுங்கள். உடைந்தால் மறுபாட்டிலா, பணமா? படம் அனுப்ப வேண்டுமா, காணொளியா? எத்தனை நாளுக்குள்? பதிலை விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பெட்டி பிரிக்கும் காணொளி இல்லாவிட்டால் பணம் கிடையாது என்று கறாராக இருப்பவர்கள் உண்டு. ஒரு பாட்டில் தேனுக்கு அந்தக் கறார் அதிகம் என்பது என் கருத்து. உடைந்த பாட்டிலின் ஒரு படம் போதும்.

புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020 மின்வணிக விதிகள். சின்னக் கடைக்கு அதைவிட வேகம் முடியும். "கேட்டேன் சார், கூரியர்காரங்ககிட்ட விசாரிச்சுட்டுச் சாயங்காலம் கூப்பிடுறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாவிட்டாலும் சாயங்காலம் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் புகார்ப் பகுதியில் போட்டு வையுங்கள். தன்மேல் புகார் கொடுக்க வழிகாட்டுகிறவர் ஓடிப்போக நினைப்பவராக இருக்கமாட்டார் என்று வாங்குகிறவர் கணக்குப் போடுவார்.

9. தளம் உயிரோடு இருக்கிறதா?

போன வருடக் கிறிஸ்மஸ் தள்ளுபடி ஆடி மாதத்திலும் முகப்பில் கிடந்தால், கடை மூடிப்போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை பழைய வரிகளை எடுங்கள், தொலைபேசி எண் வேலை செய்கிறதா பாருங்கள், வேறொருவரின் சாதாரணக் கைப்பேசியில், பேச்சிப்பாறைப் பக்கம் கிடைக்கிற மாதிரி இழுத்துப் பறிக்கும் நெட்வொர்க்கில், தளத்தைத் திறந்து பாருங்கள். படங்கள் வந்து சேர ஒரு நிமிடம் ஆனால் படங்களைச் சிறிதாக்குங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்காக மலையாளப் பக்கம் போடுவதானால், மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். இயந்திரம் மொழிபெயர்த்த மலையாளத்தைத் திருவனந்தபுரத்துக்காரர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

தேன் தீர்ந்துபோகும் மாதங்கள் வரும். அப்போது வெளியிலிருந்து வாங்கிச் சொந்தத் தேன் மாதிரி விற்கத்தான் மனம் தூண்டும். வாங்கும் பொத்தானை எடுத்துவிட்டு, "இருப்பு முடிந்தது. அடுத்த எடுப்பு தளிர்க் காலத்தில். வேண்டியவர்கள் எண்ணைத் தந்தால் தேன் எடுத்த வாரம் சொல்கிறோம்" என்று எழுதுங்கள். எண் தந்தவர்களுக்கு அந்த வாரம் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: எந்தத் தோட்டத்தில் எடுத்தது, என்ன விலை, எத்தனை பாட்டில் இருக்கிறது.